சிக்கினது எத்தனையாவது ரவுண்டில்?

(இந்த எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். பேசுபவர் ராணுவத்தில் இருபது ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக, இருந்தவர். இப்போது ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறு தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிறார்.)

ஓசூர்ல, பர்கூர்ல, அந்தப் பக்கம் பொம்மசந்திரால வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஒரு வார்த்தை தெரியும். 'ஆபரேட்டர் மிஸ்டேக்.' லைன் நின்னா ஒரு ஃபார்ம் நிரப்பணும். அதுல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துல எழுத ரொம்ப சுலபமான விஷயம் இது. மெஷின் மேல தப்புன்னு எழுதினா மெயின்டனன்ஸ்காரங்க சண்டைக்கு வருவாங்க. பார்ட் மேல தப்புன்னு எழுதினா பர்ச்சேஸ்காரங்க வருவாங்க. ஆபரேட்டர் மேல எழுதினா யாரும் வர மாட்டாங்க. ஏன்னா அவன் டிரெயினி.

போன வருஷம் எங்க இடத்துல ஒரு பையன். தேன்கனிக்கோட்டை பக்கத்துல ஒரு கிராமம், டிப்ளமோ முடிச்சு வந்து நாலு மாசம்தான் ஆச்சு. அவன் பார்த்த மெஷின்ல ஒரு ஸ்க்ரூ ஃபீடர் உண்டு. ஒரு கிண்ணம் அதிர்ந்துகிட்டே இருக்கும். உள்ளே கொட்டின ஸ்க்ரூ எல்லாம் வரிசையா ஏறி, ஒரு தடம் வழியா வந்து, ஒண்ணொண்ணா டிரைவர் முனைக்குப் போகும். அன்னிக்கு ஒரே ஷிஃப்டுல மூணு தடவை சிக்கிடுச்சு. பையன் மூணையும் ஒழுங்கா லாக் புக்ல எழுதி வெச்சான். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

நான் போய் சூப்பர்வைசர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தடத்துல எந்த இடத்துல சிக்குச்சு? மூணும் ஒரே இடமா, வேற வேற இடமா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், சிக்குச்சு, எடுத்தாச்சு. அவ்ளோதானே?"

அவ்ளோதான் இல்லை. அந்தக் கேள்வியை எனக்குக் கத்துக்கொடுத்தது ஒரு பழைய துப்பாக்கி. இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன்.

எஸ்.எல்.ஆர்.

செல்ஃப் லோடிங் ரைஃபிள். தன்னைத்தானே நிரப்பிக்கிற துப்பாக்கி. 1962-ல சீனாவோட சண்டை வந்தப்போ நம்ம ஜவான்கள் கையில இருந்தது பெரும்பாலும் 303. ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால இழுத்துத் தள்ளணும். அந்தப் போருக்கு அப்புறம் 60-களில் வந்ததுதான் இந்த எஸ்.எல்.ஆர். பெல்ஜியம் நாட்டு எஃப்.ஏ.எல். துப்பாக்கியை அடிப்படையா வெச்சு, மேற்கு வங்கத்துல ஈசாபூர் தொழிற்சாலையில செஞ்சது. 7.62 மில்லிமீட்டர், மேகசின்ல 20 ரவுண்டு, காலியாவே நாலு கிலோவுக்கு மேல எடை. முப்பது வருஷம் போல ராணுவத்தோட முதுகெலும்பு அதுதான். 90-கள்ல இன்சாஸ் வந்ததும், எஸ்.எல்.ஆர். மாநிலப் போலீசுக்கும் துணைப் படைகளுக்கும் இறங்கிப் போச்சு. நீங்க என்.சி.சி.-ல இருந்திருந்தா அதைத் தொட்டிருக்கக்கூட வாய்ப்பு இருக்கு.

ஒண்ணு சொல்லிடறேன். அமெரிக்காவுல ராணுவம் கழிச்ச பழைய துப்பாக்கிகளைக் கடையில வாங்கி, வீட்டுல வெச்சு நோண்டுற பழக்கம் உண்டு. இங்கே கிடையாது. 1959 ஆயுதச் சட்டப்படி இந்த மாதிரி ராணுவத் துப்பாக்கி, மத்திய அரசோட தனி அனுமதி இல்லாம, தனி ஆள் கையில இருக்கவே கூடாது. நம்ம அஞ்செட்டி, தளி பக்கம் காட்டோர ஊர்கள்ல நாட்டுத் துப்பாக்கி இருந்தது எல்லாருக்கும் தெரியும், போலீஸ் அதை ஒப்படைக்கச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. அதனால வீட்டுல செய்யற விஷயமா இதைச் சொல்லலை. ஒரு மெஷின் ஏன் சிக்குது, அதை எப்படி யோசிக்கிறது, அதைத்தான் சொல்ல வர்றேன்.

எஸ்.எல்.ஆர். எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடுவோம். குண்டு பேரல் வழியா போகும்போது அதுக்குப் பின்னால வாயு துரத்திக்கிட்டு வரும். அதுல கொஞ்சம், பேரல்ல இருக்கிற ஒரு சின்ன ஓட்டை வழியா மேலே ஏறி, ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். போல்ட் காலி கேஸை இழுத்து வெளியே வீசும். பட்டுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் போல்ட்டைத் திருப்பி முன்னால அனுப்பும். வர்ற வழியில அது மேகசின் மேல இருக்கிற ரவுண்டைத் தள்ளிக்கிட்டுப் போய் சேம்பர்ல உட்கார வைக்கும். இது எல்லாம் கண் இமைக்கிறதுக்குள்ள நடந்து முடிஞ்சிடும்.

303-ல கொஞ்சம் கோளாறு இருந்தாலும் உங்க கை அதைச் சரிக்கட்டிடும். டைட்டா இருந்தா பலமா இழுப்பீங்க. எஸ்.எல்.ஆர்.-ல உங்க கை கிடையாது. ஒரு ரவுண்டு வெடிக்கிற சக்திதான் அடுத்த ரவுண்டை ஏத்துது. அதனால தோட்டாவும் மெஷின்ல ஒரு பாகம். மேகசினும் மெஷின்ல ஒரு பாகம். ஆனா பாருங்க, துப்பாக்கிக்கு நம்பர் உண்டு, ரிஜிஸ்டர் உண்டு, தினமும் எண்ணிக் கோத்துக்குள்ள பூட்டுவோம். கோத்துன்னா ஆயுதக் கொட்டடி. மேகசினோ ஒரு தகர டப்பா மாதிரி கும்பலா ஒரு பெட்டியில கிடக்கும்.

தகரமும் ஸ்பிரிங்கும்

எனக்கு வேலை கத்துக்கொடுத்த உஸ்தாத் ஒரு ஹவில்தார். ரேஞ்ச்ல யாருக்காவது துப்பாக்கி சிக்கினா, எல்லாரும் ஓடிப் போய் காக்கிங் ஹேண்டிலை இழுப்பாங்க. சுடறவன் அதைத்தான் செய்யணும், அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிற டிரில் அது. ஆனா ஆர்மரர் அதைச் செய்யக் கூடாதுன்னு சொல்வார் உஸ்தாத். "முதல்ல பாரு. சிக்கினது எப்படி இருக்கோ அப்படியே பாரு. இழுத்துட்டா சாட்சி ஓடிடும்."

என்ன பார்க்கணும்? உள்ளே மாட்டியிருக்கிறது புது ரவுண்டா, காலி கேஸா? சேம்பர்ல காலி கேஸ் உட்கார்ந்திருக்கு, பின்னாடி புது ரவுண்டு வந்து முட்டிக்கிட்டு நிக்குதுன்னா, பார்க்கிறவன் "ஃபீட் ஆகலை"ன்னு சொல்லுவான். தப்பு. ஃபீட் நல்லாத்தான் ஆயிருக்கு. பழசு வெளியே போகலை. போக்கு சரியில்லாத சாக்கடைக்கு வரத்தைக் குத்தம் சொல்ற மாதிரி அது. காலி கேஸ் வெளியே வந்து, பாதி வழியில போல்ட் வாயில நட்டுக்கிட்டு நிக்குதுன்னா, போல்ட் முழுசா பின்னால போகலை, அல்லது கேஸைத் தட்டி விடுற எஜெக்டர் சரியில்லை. புது ரவுண்டோட மூக்கு எங்கேயாவது இடிச்சு நிக்குதுன்னாதான் உண்மையான ஃபீட் கோளாறு. அப்போ முதல் சந்தேகம் மேகசின் மேல.

அடுத்த கேள்விதான் உஸ்தாத் எப்பவும் கேட்கிறது. "கௌன் ஸா ரவுண்டு?" எத்தனையாவது ரவுண்டு?

முதல் ரவுண்டே ஏறலைன்னா, மேகசினைச் சரியா பூட்டலை, இல்லை மேல இருக்கிற உதடு வளைஞ்சிருக்கு. மேகசின் வாயில ரெண்டு பக்கமும் தகடு உள்ளே மடங்கி இருக்கும், அதை உதடுன்னு சொல்வோம். ரவுண்டை ஒரு கோணத்துல பிடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். உதடு விரிஞ்சா ரவுண்டு அளவுக்கு மேல எழும்பி, மூக்கு சேம்பருக்கு மேல போய் இடிக்கும். உதடு நெருங்கினா ரவுண்டு தாழ்ந்து நிக்கும், போல்ட் அதைத் தொடாமலே மேல தாண்டிப் போயிடும். யாராவது மேகசினைக் கல்லுத் தரையில வாய் பக்கமா போட்டாப் போதும்.

ஒவ்வொரு தடவையும் நடுவுல, ஒன்பது, பத்தாவது ரவுண்டு பக்கத்துல சிக்கினா, மேகசின் உடம்புல டென்ட் இருக்கு. உள்ளே ரவுண்டுகளைத் தூக்கிக்கிட்டு வர்ற தட்டு அந்த இடத்துல உரசி நிக்குது. கடைசி ரெண்டு மூணு ரவுண்டுல மட்டும் சிக்கினா ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. கடைசியில ஸ்பிரிங் நீண்டு போயிருக்கும், தள்ளுற பலம் குறைவு. போல்ட் வர்ற வேகத்துக்கு ரவுண்டு மேல வந்து சேரலை. அவ்வளவுதான்.

ஒரே எண்ணுல சிக்காம, ஒரு தடவை மூணு, ஒரு தடவை பதினாலு, ஒரு தடவை ஏழுன்னு வந்தா? அப்போ மேகசின்ல ஒரு குறிப்பிட்ட இடம் காரணம் இல்லை. ஒவ்வொரு ரவுண்டும் வேற வேற மாதிரி இருக்கு. தோட்டாவைப் பார்க்கணும்.

கண்டுபிடிச்சதை உறுதி பண்ண இன்னொரு வழி. மேகசினை எடுத்துப் பக்கத்துல படுத்திருக்கிறவன்கிட்ட கொடு. அவன் மேகசினை இவன்கிட்ட வை. கோளாறு மேகசினோட போச்சுன்னா மேகசின். இங்கேயே நின்னா துப்பாக்கி. ஒரு சமயத்துல ஒரே ஒரு பொருளைத்தான் மாத்தணும். மேகசின், தோட்டா, ஆள் எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டு "சரியாயிடுச்சு"ன்னு சொன்னா எதையும் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம்.

தோட்டாதான் பெட்ரோல்

ஆர்.எக்ஸ். 100 ஓட்டினவங்க இங்கே இருந்தா கார்புரேட்டர் டியூனிங் தெரியும். எஸ்.எல்.ஆர்.-லயும் அப்படி ஒண்ணு உண்டு. கேஸ் ரெகுலேட்டர். பேரல்லேர்ந்து மேல ஏறுற வாயுவுல எவ்வளவு பிஸ்டனுக்குப் போகணும், எவ்வளவு வெளியே ஊதிடணும்னு அந்த வளையம் தீர்மானிக்கும். திறந்தா நிறைய வெளியே போகும், பிஸ்டனுக்குக் கிடைக்கிறது குறையும். முழுசா திறந்து வெச்சு, போல்ட் சோம்பேறித்தனமா பாதியிலேயே நின்னா, ஒவ்வொரு நாட்ச்சா மூடிக்கிட்டே வரணும். ஒழுங்கா வேலை செய்யற இடம் வந்ததும் அங்கேயே நிறுத்தக் கூடாது. இன்னும் ரெண்டு நாட்ச் மூடணும். அந்த ரெண்டும் மண்ணுக்கும் புகைக்கரிக்கும் ஒதுக்கி வெச்ச கையிருப்பு.

சிக்கினா உடனே முழுசா மூடிட்டா என்னன்னு கேட்பாங்க. ஓடும். ஆனா போல்ட் பின்னால போய் அறையும். கேஸை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் அதோட விளிம்பைக் கிழிச்சிட்டு வரும். ஸ்பிரிங் சீக்கிரம் சாகும். உண்மைக் கோளாறு எதுவோ அது மறைஞ்சு, ஆறு மாசம் கழிச்சுப் பெரிசா வெடிக்கும். நம்ம ஷாப் ஃப்ளோர்ல ஏர் பிரஷரை ஏத்தி விட்டு லைனை ஓட்டுறோமே, அதே கதைதான்.

தோட்டாவுலயும் பல ரகம். ஒவ்வொரு பெட்டியிலும் லாட் நம்பர் இருக்கும். ஒரே லாட்னா ஒரே மருந்து, ஒரே குணம். ரெண்டு லாட்டைக் கலந்து மேகசின்ல போட்டா ரெகுலேட்டர் எதுக்கு அட்ஜஸ்ட் ஆகும்? பித்தளையில பச்சை பூத்திருந்தா சேம்பர்ல ஒட்டும். ஒட்டுதேன்னு ரவுண்டு மேல எண்ணெய் தடவுறவங்க உண்டு. செய்யவே கூடாது. எண்ணெய் பிரைமருக்குள்ள இறங்கினா அது வெடிக்காமப் போகலாம். கேஸ் சேம்பர் சுவரைப் பிடிச்சு நிக்காம வழுக்குறதால முழு அடியும் போல்ட் மேல விழும்.

டிரிகர் அழுத்தி வெடிக்கலைன்னா உடனே திறக்கக் கூடாது. முனையை இலக்குப் பக்கமே வெச்சுக் காத்திருக்கணும். மருந்து தாமதமா பிடிச்சு வெடிக்கும், சில சமயம். வழக்கமான சத்தம் இல்லாம 'புஸ்'ஸுன்னு வந்தா அடுத்தது சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்னிருக்கலாம். அதுக்குப் பின்னால இன்னொரு குண்டு போனா பேரல் பிளந்துடும்.

பழைய 303 தோட்டாவுல இன்னொரு தொல்லை. அந்தக் காலத்துப் பிரைமர்ல ஒரு வேதிப்பொருள் உண்டு, வெடிச்ச பிறகு பேரலுக்குள்ள உப்பு படியும். நம்ம சமையல் உப்போட அண்ணன் தம்பி மாதிரி. மழைக்காலத்துல உப்பு டப்பா கசியுது இல்லையா, அதே மாதிரி அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெயில உப்பு கரையாது. எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சா அடியில துரு பிடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்கு வைத்தியம் வெந்நீர். புனல் வெச்சு பேரலுக்குள்ள கொதிக்கிற தண்ணியை ஊத்தி, காய வெச்சு, அப்புறம்தான் எண்ணெய். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். முதல்ல பார்க்கிறவனுக்குத் துப்பாக்கிக்குள்ள தண்ணி ஊத்துறது பைத்தியக்காரத்தனமாத் தெரியும். காரணம் தெரிஞ்சா அதைவிட நியாயமான வேலை கிடையாது.

ஒருத்தருக்கா, எல்லாருக்குமா?

2019 ஆகஸ்ட்ல பீகார்ல ஒரு முன்னாள் முதலமைச்சருக்கு அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு. ஜெகந்நாத் மிஸ்ரா. போலீஸ்காரங்க வரிசையா நின்னு வானத்தை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினாங்க. முதலமைச்சர் நிதீஷ் குமார் முன்னாடியே ஒரு துப்பாக்கிகூட வெடிக்கலை. வீடியோ பரவி ஊரே சிரிச்சது. அந்தப் போலீஸ்காரங்களைக் கிண்டல் பண்ணினாங்க.

ஒரு ஆர்மரர் அதைப் பார்த்தா சிரிக்க மாட்டான். ஒருத்தன் துப்பாக்கி வெடிக்கலைன்னா அந்தத் துப்பாக்கியைப் பாரு. வரிசையில நின்ன எல்லாருடையதும் வெடிக்கலைன்னா, எல்லாருக்கும் பொதுவா இருந்தது எது? அதை முதல்ல பாரு. அத்தனை பேரும் ஒரே நொடியில தப்பு பண்ண மாட்டாங்க. மரியாதைக்குச் சுடறது வெத்துத் தோட்டா, குண்டு இருக்காது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்திருந்தா, அந்தப் பெட்டி எவ்வளவு பழசு, எங்கே வெச்சிருந்தாங்கன்னுதான் நான் முதல்ல கேட்பேன். இன்னொரு விஷயம்: வெத்துத் தோட்டாவுல குண்டு இல்லாததால பேரல்ல அழுத்தம் நிக்காது, எஸ்.எல்.ஆர். தானா அடுத்த ரவுண்டை ஏத்தாது. கையால இழுக்கணும். டிவியில ஒவ்வொரு வெடிக்கும் நடுவுல அவங்க ஹேண்டிலை இழுக்கிறது அதனாலதான். அது கோளாறு இல்லை.

இதே தர்க்கம் பெரிய அளவுல அமெரிக்காவுல நடந்திருக்கு. வியட்நாம்ல எம்-16 துப்பாக்கி. ஜவான்கள் கையில சிக்கிச் சிக்கிச் செத்தாங்க. முதல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "பசங்க சரியா சுத்தம் பண்ணலை." 1967-ல அவங்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒண்ணு, ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில, விசாரிச்சது. துப்பாக்கியை வடிவமைச்சுச் சோதிச்சப்போ ஒரு வகை மருந்து. அப்புறம் தோட்டாவுல மருந்தை மாத்திட்டாங்க. புது மருந்து துப்பாக்கியை அளவுக்கு மேல வேகமா ஓட்டுச்சு, கரியும் அதிகம். சேம்பருக்கு குரோம் பூச்சு இல்லை. சுத்தம் பண்ற சாமான்கூடப் போதிய அளவு கொடுக்கலை. அதுக்கப்புறம் குரோம் போட்டாங்க, சாமான் கொடுத்தாங்க, பராமரிப்பை விளக்க வில் ஐஸ்னர்னு ஒரு பெரிய காமிக்ஸ் ஓவியரை வெச்சுப் படக்கதையாவே கையேடு போட்டாங்க. பசங்க சுத்தம் பண்ணலைன்னு சொன்னதுல கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். ஆனா எதை வெச்சு சுத்தம் பண்றதுன்னு யாரும் முதல்ல கேட்கலை.

நம்ம ஊர்லயும் உண்டு. 1999 கார்கில் குளிர்ல இன்சாஸோட பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதா புகார் வந்தது. அங்கேயும் மேகசின்தான் பாருங்க.

ஏழாவது ரவுண்டு

டூல் ரூம்ல வேலை பார்க்கிறவங்களுக்காக ஒரு கதை. அமெரிக்காவோட எம்-1 கரண்ட். 1936-ல ஏத்துக்கிட்ட செமி ஆட்டோமேட்டிக். எட்டு ரவுண்டை ஒரு கிளிப்போட சேர்த்து மேலிருந்து உள்ளே அழுத்திடணும். பட்டறையில கையால செஞ்ச மாதிரித் துப்பாக்கிகள் அருமையா ஓடுச்சு. தொழிற்சாலையில மொத்தமா செய்ய ஆரம்பிச்சதும் ஒரு விசித்திரம். ஏழாவது ரவுண்டுல சிக்குது. ஆறாவதுல இல்லை, எட்டாவதுல இல்லை. ஏழாவதுல.

காரணம் என்ன தெரியுமா? ரவுண்டை வழிநடத்துறதுக்கு ரிசீவருக்குள்ள ஒரு சின்ன விலா மாதிரி மேடு இருக்கு. உற்பத்திக்கு மெஷின் அமைச்சப்போ, கட்டர் போய் வர இடம் வேணும்னு அந்த மேட்டுல ஒரு துளி சீவிட்டாங்க. அது எதுக்கு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியலை. ஏழாவது ரவுண்டு சாயாம நிக்க அந்தத் துளிதான் தாங்கலா இருந்தது. கண்டுபிடிச்ச பிறகு, ஏற்கெனவே செஞ்ச துப்பாக்கிகள்ல அந்த இடத்துல வெல்டிங் வெச்சு மறுபடியும் உலோகத்தை ஏத்தினாங்க. "ஏழாவது"ன்னு யாரோ ஒருத்தன் எண்ணிச் சொல்லலைன்னா, அந்தத் துளி கடைசி வரை தெரியாமலே போயிருக்கும்.

நான் எழுதின ஒரு வரி

இப்போ என் கதைக்கு வர்றேன். 1996. எந்த யூனிட், எந்த ஊர்னு சொல்ல மாட்டேன். உஸ்தாத் ரிடையர் ஆகி, அந்த வேலையில நான் தனியா நின்ன காலம். ஷூட்டிங் டீமுக்கு ஆள் எடுக்கிற ட்ரயல் நடக்குது. ஒரு சின்னப் பையன், நல்ல சுடுகாரன். அன்னிக்கு அவனுக்கு மூணு தடவை சிக்குச்சு. துப்பாக்கியை என்கிட்ட கொண்டுவந்தாங்க. பிரிச்சேன், கேஜ் வெச்சுப் பார்த்தேன், எல்லாம் சரியா இருந்தது. ரிப்போர்ட்ல எழுதினேன்: ஆயுதம் நல்ல நிலையில் உள்ளது, கோளாறு சுடுபவரின் கையாளுதலில். கையெழுத்தும் போட்டேன்.

அவனை டீம்ல எடுக்கலை. ஆயுதத்தைச் சரியா வெச்சுக்கலைன்னு ஏழு நாள் முதுகுல பிட்டு மாட்டி மைதானத்தைச் சுத்தி ஓட விட்டாங்க. நான் கோத்து வாசல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு மேகசின் எல்லாத்தையும் எடுத்து வெச்சுச் சோதிக்கும்போது ஒண்ணு கையில வந்தது. உதடு ஒரு பக்கம் விரிஞ்சிருந்தது. நகத்தை வெச்சுத் தடவினாத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அது அவன் அன்னிக்குப் பயன்படுத்தின மேகசின்தானான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஏன்னா மேகசினுக்கு நம்பர் இல்லை. அதுதான் விஷயமே. துப்பாக்கியை மட்டும் கேட்டு வாங்கினேன். மேகசின் எங்கேன்னு நான் கேட்கவே இல்லை. உஸ்தாத் சொல்லிக்கொடுத்த முதல் கேள்வி, அதையே விட்டுட்டேன். அன்னிக்கு அவசரம், வெயில், மேல இருந்த சாஹப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார். சுலபமான வரியை எழுதினேன்.

அவன்கிட்ட போய்ச் சொன்னேன். "விடுங்க உஸ்தாத்"னு சொல்லிட்டுப் போயிட்டான். விட்டானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் நான் இருந்த இடத்துல எல்லாம் ஒவ்வொரு மேகசின் அடியிலும் வெள்ளை பெயிண்ட்ல நம்பர் எழுத வெச்சேன். ஆனா அந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்துக்கு மேல அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கும்.

திரும்ப ஓசூர்

அதனாலதான் போன வருஷம் அந்தப் பையன் விஷயத்துல எனக்குச் சும்மா இருக்க முடியலை. லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். மூணு தடவையும் எந்த இடம்னு பையன் எழுதியிருந்தான்! ஒண்ணு கிண்ணத்து வாயில, ஒண்ணு தடத்து நடுவுல, ஒண்ணு டிரைவர் முனைக்கிட்ட. மூணும் வேற வேற இடம். தடத்துல டென்ட் இருந்தா ஒரே இடத்துல சிக்கணும். இது தோட்டா விவகாரம். அதாவது ஸ்க்ரூ.

நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர்கிட்ட போய் மெதுவா கேட்டேன். "ஏண்ணே, உனக்குச் சிக்கவே இல்லையா?" அவர் சுத்தி முத்தும் பார்த்துட்டுச் சொன்னார். "நாலஞ்சு வாட்டி சிக்குச்சு சார். எடுத்துப் போட்டுட்டு ஓட்டிட்டேன். எழுதினா நம்மளைத்தானே பிடிப்பாங்க." ஆள் மாறியும் சிக்குது. அப்போ ஆள் காரணம் இல்லை. எழுதினவன் மாட்டினான், எழுதாதவர் தப்பிச்சார்.

மறுநாள் ஒரே ஒரு பொருளை மாத்தினோம். அதே ஃபீடர், பழைய லாட் ஸ்க்ரூ. ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒரு தடவைகூடச் சிக்கலை. புது லாட்டைப் பக்கத்து மெஷின்ல கொட்டினோம். அங்கே சிக்க ஆரம்பிச்சது. மைக்ரோமீட்டர் வெச்சுப் பார்த்தா, சில ஸ்க்ரூவோட தலை விளிம்புல பிளேட்டிங் தடிப்பா ஏறியிருந்தது, தடத்து இடைவெளிக்குக் கொஞ்சம் பெரிசு. ரெண்டு வாரம் முன்னாடி சப்ளையர் மாறியிருந்தாங்க. ரிப்போர்ட்டை மாத்தி எழுத வெச்சேன். இந்தத் தடவை 'காரணம்' கட்டத்துல லாட் நம்பர் போட்டோம்.

பையனுக்கு ஃபோன் பண்ணினேன். "தம்பி, உன் மேல தப்பில்லைன்னு எழுதியாச்சு. வந்துடு." கொஞ்ச நேரம் பேசலை. "பரவாயில்லை சார். பொம்மசந்திரால ஒரு இடத்துல சேர்ந்துட்டேன். தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் போயிட்டு வர்றேன்." அப்புறம் ஒண்ணு சொன்னான். "அங்கே நான் லாக் புக் எழுதறதில்லை சார்."

அதுதான் எனக்கு ரொம்ப உறைச்சது. ஒரு நல்ல சாட்சியை நாம இழந்துட்டோம்.

இன்னிக்கு இதைப் பேச ஒரு காரணம் இருக்கு. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம்னு 2019-ல தொடங்கினாங்க. சென்னை, கோவை, சேலம், திருச்சி, கூடவே நம்ம ஓசூர். திருச்சியில 1966-லேயே துப்பாக்கித் தொழிற்சாலை வந்துடுச்சு. இனிமே சின்னச் சின்னப் பாகங்கள் இங்கே மூக்கண்டப்பள்ளி சந்துல இருக்கிற பட்டறையிலும் செய்ய வரலாம். மேகசின்னா என்ன? தகடு வளைக்கிறது, ஸ்பாட் வெல்டிங், ஒரு ஸ்பிரிங். ஓசூருக்குத் தெரியாத வேலையா? அந்த ஸ்பிரிங்கைச் செய்யப் போறது உங்களை மாதிரி ஒரு டிரெயினிதான். அது தளர்ந்தா கடைசி ரவுண்டு ஏறாது. அந்தக் கடைசி ரவுண்டு எங்கேயோ பனியில படுத்திருக்கிற ஒருத்தனுக்கு.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நாளைக்கு உங்க லைன்ல ஏதாவது சிக்கினா, மெஷினை நிறுத்தி, கையை விடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க. ஃபோன் அனுமதி இருந்தா ஒரு ஃபோட்டோ எடுங்க. எத்தனையாவது, எந்த இடம், எந்த லாட், எழுதி வைங்க. ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ஆளோட பேரை எழுதறது கடைசியா இருக்கட்டும். நீங்க சூப்பர்வைசரா இருந்தா, உங்க லாக் புக்கைத் திறந்து பாருங்க. ஒரு மாசமா ஒண்ணுமே சிக்கலைன்னு இருந்தா சந்தோஷப்படாதீங்க. நைட் ஷிஃப்ட் ஆளைக் கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மெதுவா கேளுங்க.